நீலகிரிக்குக் குடிவந்த புதிதில்: சொந்தமாக யோசிக்கப் பழக ஒரு வழிகாட்டி

மலைமேல் வீடு பார்த்து, சாமான் இறக்கி, ஒரு வாரம் ஆவதற்குள் உங்களுக்கு ஏராளமான அறிவுரை கிடைத்துவிடும். வீட்டுத் தரகர் ஒன்று சொல்வார், ஜீப் ஓட்டுபவர் ஒன்று சொல்வார், டீக்கடை பெஞ்சில் இருப்பவர் ஒன்று சொல்வார். கோயம்புத்தூரில் இருக்கும் மாமா போனில் வேறொன்று சொல்வார். எல்லோரும் உங்கள் நல்லதற்காகத்தான் சொல்கிறார்கள், உறுதியாகவும் சொல்கிறார்கள். அதில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளிவைப்பது என்று நீங்களே தீர்மானிக்கப் பழகுவதுதான் இங்கே குடியிருக்க முதலில் வேண்டிய திறமை. குடை, ஸ்வெட்டர் எல்லாம் அதற்கு அப்புறம்.

சமவெளியில் பக்கத்துத் தெருக்காரருக்குச் சரியாக இருந்தது உங்களுக்கும் பெரும்பாலும் சரியாக இருக்கும். இங்கே அப்படி இல்லை. கூடலூர் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். இரண்டும் ஒரே மாவட்டம். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்க்கும். குன்னூர், கோத்தகிரி பக்கத்துக்காரர்கள் அதிகம் பயப்படுவது ஐப்பசி, கார்த்திகை மழைக்கு. ஒரே தோட்டத்தில் மேல்சரிவில் இருக்கும் தேயிலை பச்சையாக நிற்கும், கீழே பள்ளத்தில் இருப்பது பனியில் கருகிக் கிடக்கும். ஒருவர் தன் இடத்தை வைத்து எடுத்த முடிவு, அவருக்கு நூறு சதவீதம் சரியாக இருந்தாலும், அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் உங்களுக்குத் தவறாகப் போகலாம். அதனால்தான் இந்த மலையில் அடுத்தவர் முடிவைக் கடன் வாங்கி வாழ முடியாது என்கிறேன்.

இதற்காக ஊர்க்காரர்களைச் சந்தேகப்பட வேண்டாம். படித்தவர், வெளியூர் பார்த்தவர் என்ற எண்ணத்தோடு வந்து, இங்கே பிறந்து வளர்ந்தவர் சொல்வதை எல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்கள் சொந்தமாக யோசிக்கிறவர்கள் அல்ல. அவர்களும் யாரோ சொன்னதைத்தான் நம்புகிறார்கள்; சொன்னவர் வேறு ஊர்க்காரர், அவ்வளவுதான்.

முதல் வேலை: தகவல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

காதுக்கு எது வந்தாலும் உள்ளுக்குள் ஒரு கேள்வி கேளுங்கள். சொல்பவர் தன் கண்ணால் பார்த்ததா, யாரோ சொல்லிக் கேட்டதா, அல்லது நான் நம்பினால் அவருக்கு ஏதாவது கிடைக்குமா? மூன்றாவது வகை என்பதாலேயே அது பொய் ஆகிவிடாது. தரகர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். வேறொரு வழியில் சரிபார்க்கும் வரை அதை வைத்துப் பணம் கொடுக்க வேண்டாம்.

பழகுவதற்கு எளிய உதாரணங்கள் மலையெங்கும் இருக்கின்றன. கேத்தி பள்ளத்தாக்கைக் காட்டி, "உலகத்திலேயே இரண்டாவது பெரிய பள்ளத்தாக்கு" என்று சொல்வார்கள். சுற்றுலா வண்டிகளில் அதைப் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அங்கேயே நின்று பாருங்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. இமயமலையின் வரைபடத்தை ஒருமுறை பார்த்தவருக்கு, இதைவிடப் பல மடங்கு நீளமான பள்ளத்தாக்குகள் அங்கே வரிசையாக இருப்பது தெரியும். கேத்தி அழகான இடம். அந்த அழகுக்கு இந்தப் பட்டம் தேவையில்லை. யாரும் ஏமாற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒருவர் சொன்னதை அடுத்தவர் சொல்ல, யாரும் நின்று கேட்காமலே அது நிலைத்துவிட்டது.

குறிஞ்சிப் பூ விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் என்பது உண்மை. கொடைக்கானல், மூணாறு பக்கம் 2006-லும் 2018-லும் மலைகள் நிறையப் பூத்தன. ஆனால் இடையில் வேறு ஆண்டுகளிலும் "குறிஞ்சி பூத்துவிட்டது" என்று படங்கள் வரும். உடனே பொய் என்று சொல்லிவிடாதீர்கள். குறிஞ்சியில் பல இனங்கள் உண்டு, ஒவ்வொன்றின் சுழற்சியும் வேறு. ஒரே இனம்கூட எல்லாச் சரிவுகளிலும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை. எந்த மலை, எந்தச் செடி என்று கேட்டால்தான் விஷயம் தெளிவாகும். பாதி உண்மையைக் கையாளக் கற்பது முழுப் பொய்யைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம். நாம் தினமும் சந்திப்பது பெரும்பாலும் பாதி உண்மைகளைத்தான்.

இன்னொன்று: சல்லிவன் இந்த மலையைக் கண்டுபிடித்தார் என்று உங்கள் பிள்ளை பள்ளியிலிருந்து வந்து சொல்லலாம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்ததும், ஊட்டியை நகரமாக்கியதும் சரிதான். ஆனால் 1603-லேயே ஃபெனிசியோ என்ற பாதிரியார் இங்கே வந்து தோடர்களைச் சந்தித்து எழுதி வைத்திருக்கிறார். 1117-ஆம் ஆண்டின் ஹொய்சளர் கல்வெட்டு ஒன்றிலும் தோடர்கள் வருகிறார்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் எல்லோரும் சல்லிவனுக்கு வெகு காலம் முன்பே இங்கே வீடு கட்டி, மாடு மேய்த்து, சாமை விதைத்து வாழ்ந்தவர்கள். பிள்ளையிடம், "அப்போ இங்கே யார் இருந்தார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். மீதியை அதுவே யோசிக்கும்.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

எனக்குத் தெரிந்து இந்தக் கட்டுரையில் மிகவும் பயன்படக்கூடியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"இந்த இடம் எப்படிங்க?" என்று கேட்டால், "நல்ல இடம்தான்" என்றுதான் பதில் வரும். அது மரியாதைக்காகச் சொல்லும் பதில். வந்தவர் மனதை யாரும் நோகடிக்க விரும்புவதில்லை, விற்கிற பக்கத்து வீட்டுக்காரரைப் பகைத்துக்கொள்ளவும் விரும்புவதில்லை. அபிப்பிராயம் கேட்டால் அபிப்பிராயம் கிடைக்கும். பார்த்ததைக் கேட்டால் செய்தி கிடைக்கும்.

2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி வட்டாரங்களில் பெய்த பெருமழையில் மண்சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்று இங்கே இருந்த எவரும் அந்த நாட்களை மறக்கவில்லை. வீடோ மனையோ பார்க்கப் போகிற தெருவில், வயதான ஒருவரிடம் உட்கார்ந்து இப்படிக் கேளுங்கள்: "பாட்டி, 2009 மழையப்போ நீங்க எங்க இருந்தீங்க? இந்தப் பக்கம் தண்ணி எப்படிப் போச்சு?" பாட்டி கையை நீட்டிக் காட்டத் தொடங்குவார். "அந்தக் கல்லுக்கட்டு இருக்குல்ல, அதுக்கு மேல வந்துச்சு. அப்ப இந்த வீடு இல்ல கண்ணு, அங்க சின்ன ஓடை ஒண்ணு இருந்துச்சு" என்பது போல ஒரு பதில் வந்தால், ஓடையை மூடிக் கட்டிய இடத்தை உங்களிடம் விற்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். "நல்ல இடமா?" என்று கேட்டிருந்தால் அதே பாட்டி, "நல்ல இடம்தான் கண்ணு" என்றுதான் சொல்லியிருப்பார்.

இதே முறையை மற்ற விஷயங்களுக்கும் பயன்படுத்தலாம். "தண்ணீர்க் கஷ்டம் இருக்கா?" என்பதற்குப் பதிலாக, "போன ஏப்ரல்ல எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணி வந்துச்சு? லாரி தண்ணி வாங்கினீங்களா?" என்று கேளுங்கள். "கேரட் போட்டா லாபமா?" என்பதற்குப் பதிலாக, "போன தடவை மேட்டுப்பாளையம் மண்டியில உங்க மூட்டைக்கு என்ன கிடைச்சுது? அதுக்கு முந்தின தடவை?" என்று கேளுங்கள். ஒரு பருவம் விலை ஏறினால் மறுபருவம் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் அதையே போடுவார்கள், சரக்கு குவிந்து விலை இறங்கும். குத்தகைக்கு நிலம் எடுத்து மலைக்காய்கறி போட நினைக்கிறவர்கள் ஒரே ஒரு நல்ல விலையை மட்டும் கேட்டுவிட்டு இறங்காதீர்கள். மூன்று நான்கு அறுவடைகளின் விலையைக் கேளுங்கள், அதில் மிக மோசமானதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஒரே கேள்வியை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பேரிடம் கேட்பது நல்லது. அண்ணன் தம்பி இருவரிடம் கேட்டால் அது ஒருவரிடம் கேட்டதற்குச் சமம். கொழுந்து பறிக்க வரும் அக்கா, ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர், தபால்காரர் ஆகியோர் தினமும் நடந்து போகிறவர்கள். வழியில் எங்கே ஈரம் கசிகிறது, எந்தத் தடுப்புச் சுவர் முன்பைவிடச் சாய்ந்திருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நீங்களே பாருங்கள், எழுதி வையுங்கள்

ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, யார் என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று இரண்டு மூன்று வரி எழுதினால் போதும். ஒரு வருடம் எழுதினால் உங்கள் வீட்டைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்தவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

பனியிலிருந்து தொடங்கலாம். மேலே போகப் போகக் குளிர் அதிகம், அதனால் உயரமான இடத்தில்தான் உறைபனி விழும் என்று சமவெளியிலிருந்து வருபவர்கள் நினைப்பது இயல்பு. ஆனால் மேகம் இல்லாத இரவில் தரை வேகமாகச் சூட்டை இழக்கும். அதையொட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, சரிவில் இறங்கி, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தலைக்குந்தா, காந்தல், ஊட்டி குதிரைப் பந்தய மைதானம் மாதிரியான தாழ்வான இடங்களில் புல் வெள்ளையாகிறது. சற்று மேலே சரிவில் இருக்கும் வீட்டில் அதே இரவு உறைபனி இருக்காது. பள்ளத்தில் தேயிலை வைத்திருப்பவர்கள் காய்ந்த புல்லையும் பெரணியையும் வைத்துச் செடிகளை மூடுவதைப் பார்ப்பீர்கள். உங்கள் தோட்டம் எந்த வகை என்று யாரையும் கேட்க வேண்டாம். வானம் தெளிவாக இருக்கும் ஜனவரி விடியற்காலை, வெயில் படுவதற்கு முன் ஒருமுறை கீழிருந்து மேலே நடந்து பாருங்கள். வெள்ளை எங்கே நிற்கிறதோ அதற்குக் கீழே உருளைக்கிழங்கோ பீன்ஸோ அந்த மாதத்தில் வைக்க வேண்டாம்.

மழையையும் அளக்கலாம். பக்கம் நேராக இருக்கும் எந்த டப்பாவும் போதும். திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை ஒரே நேரத்தில் ஸ்கேலால் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, நோட்டில் எழுதி, கொட்டிவிடுங்கள். பிள்ளைகள் இதை விரும்பிச் செய்வார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. "நீலகிரியில் வரலாறு காணாத மழை" என்று செய்தி வந்ததும் வெளியூர் உறவினர்கள் எல்லோரும் பதறினார்கள், மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் அந்த அளவு மழை இல்லை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. செய்தியில் ஒன்றும் வராத இரவில் உங்கள் சரிவில் மட்டும் கொட்டியிருக்கலாம். டப்பாவில் இருப்பது உங்கள் மழை. தொடர்ந்து சில நாட்கள் அதிகமாகப் பெய்து மண் ஊறியிருக்கும்போது, வீட்டுக்குப் பின்னால் வெட்டி எடுத்த மண்சுவரைப் போய்ப் பாருங்கள். தடுப்புச் சுவரின் துளைகள் வழியாகத் தண்ணீர் வடிகிறதா, அடைத்துக்கொண்டதா? தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கி வருகிறதா? தரையில் புது விரிசல், சாய்ந்த மரம், திறக்க முடியாமல் இறுகும் கதவு ஏதாவது உண்டா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும், "இங்கே ஒருநாளும் சரிந்ததில்லை" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பி அந்த அறையில் படுக்காதீர்கள். நேற்றுவரை சரியாதது இன்று சரியாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதுவும் மேலே யாரோ புதிதாக மண் வெட்டியிருந்தால் பழைய கணக்கு எதுவும் செல்லாது.

சின்னதாகச் செய்து பாருங்கள்

சமையலறையே நல்ல சோதனைச்சாலை. ஊட்டிக்கு வந்த புதிதில் பருப்பு வேகவில்லை, சாதம் விதைவிதையாக இருக்கிறது என்றதும், தண்ணீர் சரியில்லை, அரிசி பழசு, கேஸ் அடுப்பு சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறைகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. ஒரே பருப்பை, ஒரே தண்ணீரில், பாதியைத் திறந்த பாத்திரத்திலும் பாதியைக் குக்கரிலும் வேகவைத்துப் பாருங்கள். குக்கரில் நன்றாக வெந்தால் தண்ணீர் மேல் பழி இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்ற இந்தப் பழக்கம் ஏற்பட்டுவிட்டால், செடிக்கு எந்த உரம் ஒத்துவருகிறது, குழந்தையின் இருமல் எதனால் கூடுகிறது என்பது வரை உதவும். அரிசி, தண்ணீர், பாத்திரம் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டால் எதனால் சரியானது என்று ஒருநாளும் தெரியாது.

தேயிலைத்தூள் வாங்கும்போது நிறம் சேர்த்ததா என்று சந்தேகம் வந்தால், வடிதாளையோ மை உறிஞ்சும் தாளையோ லேசாக நனைத்து அதில் கொஞ்சம் தூளைத் தூவுங்கள். சாயம் கலந்த தூள் உடனே தாளில் வண்ணம் விடும். நல்ல தூள் பச்சைத்தண்ணீரில் அவ்வளவு சீக்கிரம் நிறம் விடாது.

தேன் விஷயத்தில் மட்டும் வீட்டுச் சோதனைகளை நம்பாதீர்கள். தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் இறங்க வேண்டும், தீக்குச்சியில் தடவினால் எரிய வேண்டும், எறும்பு மொய்க்கக் கூடாது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றும். தண்ணீரில் இறங்குவது தேன் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். நன்றாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் அப்படியே இறங்கும். ஈரம் அதிகமான காட்டில் எடுத்த அசல் மலைத்தேனோ நீர்த்திருக்கலாம், அந்தச் சோதனையில் தோற்றும் போகலாம். தேன் உறைந்து சர்க்கரை மாதிரி ஆவதும் கலப்படத்துக்கு அடையாளம் இல்லை, அது தேனின் இயல்பு. கலப்படத்தை ஆய்வகம்தான் சொல்ல முடியும். இந்தப் பொய்ச் சோதனைகளால் நஷ்டப்படுபவர்கள் பாறையில் தொங்கித் தேன் எடுக்கும் குறும்பர்கள். பாகைக் கெட்டியாகக் காய்ச்சி விற்பவருக்கு ஒரு குறையும் இல்லை. தேன் எடுப்பவர்களிடமிருந்து நேரடியாக வாங்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, எந்தக் காடு, எப்போது எடுத்தது என்று கேட்டு வாங்குங்கள்.

ஒரு சோதனை செய்வதற்கு முன், "இது உண்மையில் எதை அளக்கிறது?" என்று கேட்பதும் யோசனையின் பகுதிதான்.

நிலம் வாங்குவதென்றால்

வாய்ப்பேச்சு இங்கே எதற்கும் உதவாது. பட்டா, சிட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்), வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் நீங்களே எடுங்கள். அரசு இணையதளங்களிலேயே பெரும்பாலானவை கிடைக்கும். தரகர் கொடுக்கும் நகலை வைத்து முடிவு செய்ய வேண்டாம். வில்லங்கச் சான்றில் வில்லங்கம் இல்லை என்று வந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பதிவாகாத ஒப்பந்தங்களும் பல வழக்குகளும் அதில் தெரியாது. கூடலூர் பக்கம் என்றால், ஜென்மம் என்ற பழைய நில உடைமை முறையை ஒழித்த 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் நிலமா, அதில் குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய 17-ஆம் பிரிவா என்று முதலில் கேளுங்கள். அந்தச் சிக்கலில் பல குடும்பங்கள் தலைமுறைகளாகத் தவிக்கின்றன.

நிலம் உங்கள் பெயரில் இருப்பது வேறு, அதில் கட்டலாம் என்பது வேறு. ஹாகா என்று எல்லோரும் சொல்லும் மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளும் மாஸ்டர் பிளான் விதிகளும் கட்டடத்துக்கு உண்டு. மண் வெட்டும் இயந்திரம் கொண்டுவருவதற்கு அனுமதி வாங்க வேண்டும். 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி பட்டா நிலத்து மரத்தை வெட்டுவதற்கும் அனுமதி வேண்டும். "எல்லோரும் கட்டியிருக்காங்களே சார்" என்பது இங்கே அடிக்கடி கேட்கும் வாதம். மசினகுடி, சீகூர் பக்கம் யானை வழித்தடத்தில் கட்டிய விடுதிக்காரர்களும் அப்படித்தான் நம்பினார்கள். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வழித்தடத்தை உறுதி செய்தது. எத்தனை பேர் சேர்ந்து ஒன்றைச் செய்திருக்கிறார்கள் என்பது அது சரி என்பதற்குச் சான்று ஆகாது.

உங்கள் நம்பிக்கைகளையும் விசாரியுங்கள்

அடுத்தவர் சொல்வதைக் கேள்வி கேட்பது எளிது. நாம் கீழேயிருந்து தூக்கிக்கொண்டு வந்த எண்ணங்களைக் கேள்வி கேட்பதுதான் கஷ்டம். மரம் நடுவது எங்கேயும் நல்லது என்ற எண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மனதோடு வருகிறவர்கள் முதலில் செய்ய விரும்புவது இதைத்தான். ஆனால் இந்த மலையின் உயரமான பகுதிகள் இயல்பில் புல்வெளி. நடுநடுவே மடிப்புகளில், ஓடைக்கரைகளில் மட்டும் சோலைக்காடு. மழைநீரைப் பிடித்து வைத்து ஆண்டு முழுவதும் ஓடைகளுக்குக் கொடுப்பது இந்தப் புல்லும் சோலையும் சேர்ந்துதான். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த வெள்ளைக்காரர்கள் புல்வெளியைப் பார்த்து வெறும் இடம் என்று நினைத்தார்கள். விறகுக்கும் மற்றவற்றுக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூக்கலிப்டஸ்) மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. தோடர்களின் எருமை மேய்ந்த புல்வெளிகள் பெருமளவு போய்விட்டன. சீகை இப்போது தானாகவே பரவுகிறது. பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு இல்லை என்பதை இங்கே வந்த பிறகு கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு சீகைத் தோப்புக்குள் ஐந்து நிமிடம் நில்லுங்கள், அப்புறம் ஒரு சோலைக்குள் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பறவைச் சத்தம், தரையின் ஈரம், பாசி, எத்தனை வகை இலை என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மரம் நட வேண்டும் என்று தோன்றினால், அங்கே முன்பு என்ன இருந்தது என்று விசாரித்த பிறகு நடுங்கள்.

காட்டெருமை சாது, அதனால் பக்கத்தில் போய்ப் படம் எடுக்கலாம் என்ற எண்ணமும் இப்படி வந்ததுதான். குன்னூர், கோத்தகிரித் தெருக்களில் அது பசுவைப் போல நின்று மேய்வதைப் பார்த்து அந்த எண்ணம் இன்னும் வலுக்கும். தள்ளியே நில்லுங்கள்.

யோசிக்க நேரம் இல்லாத இடங்கள்

சில விஷயங்களில் அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அதனால் இப்போதே, நிதானமாக இருக்கும்போதே, முடிவு செய்து வைத்துவிடுங்கள்.

நாயோ குரங்கோ கடித்தால், கீறினால்கூட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, காபித்தூள் எதுவும் காயத்தில் வைக்க வேண்டாம். "நாய் நல்லாத்தானே இருக்கு, ரெண்டு நாள் பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டிய பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. அதற்கு முன் ஊசி போட்டால் காப்பாற்றலாம். மருத்துவர் சொல்லும் தேதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டு முடியுங்கள். குன்னூரில் 1907 முதல் பாஸ்டியர் நிறுவனம் இருக்கிறது. இந்த நோய்க்குத் தடுப்பூசி தயாரிப்பதற்காகத் தொடங்கப்பட்ட இடம் அது. அந்த ஊரிலேயே இருந்துகொண்டு காயத்தில் சுண்ணாம்பு தடவுவது மிகவும் வருத்தமானது.

மண்சரிவு எச்சரிக்கை கொடுத்து வெளியேறச் சொன்னால் வெளியேறுங்கள். சந்தேகம் இருந்தால் முகாமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு சந்தேகப்படலாம். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. எல்லோர் போனிலும் அதைப் பதிந்து வையுங்கள். யானை நிற்கிறது, கரடி இறங்கியிருக்கிறது என்று வனத்துறையோ அந்த வழியில் இப்போதுதான் வந்தவரோ சொன்னால், அது உண்மையா என்று போய்ப் பார்க்க வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவில் "இன்று இரவு அணை திறக்கிறார்கள்", "நாளை முதல் பாதை மூடல்" என்று வந்தால், அனுப்பியவரிடம், "இது எங்கிருந்து வந்தது அண்ணா?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை அடுத்த குழுவுக்கு அனுப்பாதீர்கள். வெளியூர் வண்டிகள் மலைக்கு வர இணையத்தில் அனுமதி எடுக்கும் இ-பாஸ் திட்டம் 2024 மே 7-இல் தொடங்கியபோது, உள்ளூர்க்காரர்களுக்கும் வேண்டும், பஸ்ஸில் வருபவர்களுக்கும் வேண்டும் என்று பலவிதமாகப் பரவியது. இருவருக்கும் தேவையில்லை என்று அரசு அறிவிப்பிலேயே இருந்தது. படித்துப் பார்த்தவர்கள்தான் குறைவு.

ஊர் நடுவில் பேசுவது

தனியாக யோசிப்பது ஒரு பாதி. யோசித்ததைச் சபையில் சொல்வது மறுபாதி. புதிதாக வந்தவருக்கு இதில் தயக்கம் இருக்கும், இருக்க வேண்டியதும்தான். முதல் சில மாதம் கேட்பதற்கு மட்டும் போங்கள். ஹட்டியில் (படகர் ஊரில்) பெரியவர்கள் பேசும் வரிசை ஒன்று இருக்கிறது. அதைக் கவனித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் இடம் ஊராட்சியில் இருந்தால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதனால் முகவரி மாற்றத்தை முதலிலேயே செய்துவிடுங்கள். பேசும்போது குற்றம் சாட்டுவதைவிடப் பார்த்ததைச் சொல்வது பலன் தரும். "யாரும் எதுவும் செய்வதில்லை" என்றால் சண்டை வரும். "மேல் ரோட்டில் மழைநீர் வடிகால் ஜூன் மாதத்திலிருந்து அடைத்திருக்கிறது, இதோ நான் எழுதி வைத்த தேதிகள்" என்றால், "ஆமா, நானும் பார்த்தேன்" என்று இன்னொரு குரல் வரும். வராமலும் போகலாம். அப்படியானால் தலைவரை "ஐயா" என்றோ "அக்கா" என்றோ மரியாதையாக அழைத்து, இதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை அங்கேயே படித்துப் பாருங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். படித்துக்காட்டாத தீர்மானத்துக்கு யார் நீட்டினாலும் கையெழுத்துப் போட வேண்டாம். கூட்டம் முடிந்து அவசரமாகக் கலையும்போது நோட்டு கைமாறி வரும், அந்த நேரத்தில்தான் நிதானமாக இருக்க வேண்டும்.

கூட்டத்தில் உங்கள் கருத்து தோற்றுவிட்டால் வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதுங்கள்: அவர்கள் என்ன காரணம் சொன்னார்கள், அதில் எது நான் அறியாதது, எதை அடுத்த கூட்டத்துக்கு முன் போய்ப் பார்க்க வேண்டும். மறுநாள் எதிராகப் பேசியவரின் கடையிலேயே டீ குடியுங்கள். வடிகால் அடைத்திருப்பதை அவர் கண்ணாலேயே காட்ட முடியுமா என்று பாருங்கள், மழை பெய்யும்போது கூப்பிட்டால் அநேகமாக வருவார்.